போறணைக்குப் போன கடற்கரை

அவர் இருக்கும் இடத்தில் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஒருநாள் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தவர் தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டார். "பிளாஸ்கில ஒண்டுமில்லை, ரீச்சர்" என்றேன். "பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லைதான். காலையில் ஊற்றிய தேத்தண்ணி பதினொரு மணிக்கு எப்படி இருக்கும்? அவர் எழுந்து வந்தார், மூடியைத் திறந்தார், பிளாஸ்கைத் தலைகீழாகச் சரித்தார். அரைக் கோப்பை வந்தது. ஆறிப்போய், மேலே ஆடை படிந்த தேத்தண்ணி. முகத்தைக்கூடச் சுளிக்காமல் குடித்தார். "இல்லண்டு சொல்ல முன்ன பாக்கணும், அண்ணன்." குடித்ததுகூடப் பரவாயில்லை. அந்தக் கோப்பையைக் கழுவி, வழக்கு வென்ற ஆள் கணக்கில் மேசையில் கவிழ்த்து வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மன்னாரில் அவரைப் பூச்சி ரீச்சர் என்பார்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி எழுதினது காணும், அதுகளைப் பத்தி எழுதுங்க" என்று சண்டைக்கு வருவார். பூச்சி என்றாலும் அவருக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்தார். பிறந்தது எருக்கலம்பிட்டி. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை ஊரோடு வெளியேற்றியபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, படித்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவர். கறுப்பு அபாயாவின் கீழ்க்கரையில் எப்போதும் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருக்கும். காலில் ஆம்பிளைகள் போடுகிற ரப்பர் செருப்பு. கையில் ஒரு சீலைப் பை, அதற்குள் சாண் நீளத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் குழாய், ஒரு பேசின், பழைய ஐஸ்கிறீம் டப்பாக்கள். வாகனம் ஒரு ஸ்கூட்டி. அதன் பிரேக் பிடிக்கும் என்று அவர் மட்டும் நம்பினார்.

நான் வங்காலைக்காரன். மன்னார் டவுனில், றோட்டுக் கொந்தராத்துக்காரர்களுக்கு மணலும் கல்லும் கிரவலும் பரிசோதித்துக் கொடுக்கிற ஒரு தனியார் இடத்தில் இருபது வருடம் வேலை செய்தேன். ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு தராசு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அரிதட்டுகள், மின்சாரத்தில் சூடாகும் ஒரு போறணை. வாசல் நிழலில் நாலைந்து கழுதைகள் நிற்கும். ரீச்சரின் டப்பாவில் ஒட்டியிருந்த துண்டை ஒரு கழுதை தின்றுவிட்டு, அது எந்தக் கரை மணல் என்று யாருக்கும் தெரியாமல் போன கதையும் உண்டு. மணல் வந்தால் போறணையில் வைத்துக் காயவிடுவேன். காய்ந்ததை அரிதட்டுகளில் போட்டுக் குலுக்குவேன். எந்தத் தட்டில் எவ்வளவு நின்றது என்று நிறுத்து எழுதுவேன். மணலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் எனக்கு நிறையவே இருந்தது.

அவர் முதன்முதல் வந்தபோது அந்த எண்ணத்தோடுதான் டப்பாவை வாங்கினேன். கடலும் கரையும் தொடும் இடத்தில் அள்ளிய ஈர மணல். மணிகள் எவ்வளவு பெரியவை என்று தெரிய வேண்டுமாம்.

"ஏன் ரீச்சர், வீடு கட்டப் போறியளோ?"

"வீடு ஏற்கனவே இருக்கு அண்ணன். மணிக்கும் மணிக்கும் நடுவுல எவ்வளவு இடமிருக்குண்டு தெரிஞ்சாத்தான் ஆரார் குடியிருக்கிறாங்கண்டு விளங்கும்."

ஆளுக்குக் கொஞ்சம் மூளை தட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மணலைத் தட்டில் கொட்டிப் போறணைக் கதவைத் திறந்தேன். "அல்லாஹ்! உயிரோட இருக்கு!" என்று ஒரு சத்தம் போட்டுத் தட்டைப் பறித்தார். வாசலில் நின்ற கழுதைகள் விலகி ஓடின. நண்டு கிண்டு கடித்துவிட்டதோ என்று நான் கையை உதறினேன்.

ஒரு கரண்டி மணலைப் பேசினில் போட்டார். குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். அரிசி அரிக்கிற அதே கைதான். சுழற்றினார், ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்தார், மேல் தண்ணீரை மட்டும் சரித்து ஊற்றினார். குழாய்த் துண்டு ஒன்றின் வாயில் இறுக்கித் தைத்த மெல்லிய வலைத் துணியின் வழியே தண்ணீர் போனது. அந்தத் துணி வெளிநாட்டிலிருந்து வருவதாம். பல்கலைக்கழகத்தில் கெஞ்சி வாங்கிய உள்ளங்கை அளவுத் துண்டு. "நல்ல தண்ணி பட்டா அதுகள் திகைச்சுப்போய்ப் பிடியை விட்டிரும். அந்த நேரம் வடிச்சு, கெதியாக் கடல் தண்ணிக்குள்ள விடணும்." இப்படி ஐந்து தரம். பிறகு துணியில் நின்றதைப் போத்தலில் கொண்டுவந்த கடல் தண்ணீரில் கழுவி இறக்கி, ஒரு சொட்டை எங்கள் பழைய நுணுக்குக்காட்டியில் வைத்து, "பாருங்க" என்றார்.

பார்த்தேன். மணல் மணி ஒன்று பெரிய பாறையாய் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு மயிரிழைத் தடிப்பில் ஒரு புழு நெளிந்தது. இறால் சாயலில் ஒன்று, வாலடியில் முட்டைப் பையோடு, விறுக்கென்று குறுக்கே ஓடியது. இன்னொன்று எட்டுக் கட்டைக் கால்களால் ஒரு மணியை அணைத்துப் பிடித்திருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். அது பிடியை விடவில்லை.

"மாதாவே!" என்றேன்.

"மாதாவைப் பிறகு கூப்பிடுங்க. லைட்டை நூருங்க, சூட்டில செத்திரும்." அணைத்தேன்.

இருபது வருடமாக எத்தனை தட்டு மணலைப் போறணைக்குள் தள்ளினேன் என்று அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஆற்று மணலிலும் இருக்குமோ? கேட்கப் பயமாக இருந்தது. அடுத்த நாள் கேட்டேன். "இல்லாம?" என்றார். அதன் பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு வந்தது. முதல்ல தண்ணி, பிறகுதான் போறணை. உயிரை அவர் எடுத்த பிறகு மணலை நான் எடுப்பேன்.

லீவு நாட்களில் வாளி தூக்கப் போகத் தொடங்கினேன். தீவின் தென்கரையில், கரைவலை இழுக்கிற ஒரு ஊர். அங்கே கயிறு பிடித்து, அலை தொடும் இடத்திலிருந்து தாழம்பற்றை வரைக்கும் பத்தடிக்கு ஒரு குழாய் மணல் எடுப்பார். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு அவரைக் கண்டால் வாய் சும்மா இருக்காது.

"ரீச்சர், இண்டைக்கு எத்தினை கிலோ பட்டது?"

"ஒரு கரண்டி."

"ஐயோ, கறிக்குக் காணாதே!"

"உங்கட திரளி மீன் குஞ்சுகளுக்குக் காணும். அலை வாயில வந்து மணலைக் கொத்துதே, என்னத்தத் திங்குதுண்டு நெனச்சீங்க? கல்லையா? இது குசினி. இங்க அடுப்பு நூந்தா உங்கட வலையில என்ன வரும்?"

சம்மாட்டி கையைத் தட்டிச் சிரித்தார். அழுகின கடற்பாசியையும் செத்த மீனின் மிச்சத்தையும் கரையில் யார் துப்பரவாக்குகிறார்கள், கால் பட்டதும் ஓடுகிற வெள்ளை நண்டு எதைத் தின்கிறது, சைபீரியாவிலிருந்து வருகிற குருவி மணலுக்குள் மூக்கை விட்டு என்ன தேடுகிறது என்று ரீச்சர் விடாமல் சொல்லிக்கொண்டே போனார். சம்மாட்டி சிரித்தாலும், அடுத்த கிழமை பார்த்தால் வலை இழுக்கிற டிரக்டர் ரீச்சர் கயிறு கட்டிய இடத்தைச் சுற்றிப் போயிருந்தது. டயர்த் தடம் வளைந்து கிடந்ததை அவர் எனக்குக் காட்டினார். அன்று முழுக்க நல்ல குணமாக இருந்தார்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறேன். மணலைச் சுழற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார். திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டுக் காணியில் உடைமரம் காடாக நின்றதாம். கதவில்லை, கூரையில்லை, சுவரில்லை. காணி பார்க்க வந்த ஒருவர் வெளியிலேயே நின்று, படிவத்தில் "வெறுங்காணி" என்று எழுதினாராம்.

"வாப்பா பக்கத்து வளவுல இரும்பு அலவாங்கு ஒண்டு வாங்கி வந்து, பத்தைக்குள்ள போய்க் குத்தினார். நாலஞ்சு இடத்துல குத்தினார். டங்குண்டு ஒரு சத்தம். கையால கிளறினார். எங்கட வாசப்படி. சிவப்புச் சீமெந்து, அதுல எங்கட உம்மா கோழி மிதிச்ச தடம் இருக்குண்டு எப்பவும் ஏசுவா. அந்தத் தடம் அப்படியே இருந்திச்சு. 'இப்ப எழுதுங்க'ண்டார் வாப்பா."

"எழுதினவரோ?"

"எழுதாம? வாப்பா அலவாங்கைக் கீழ வைக்கல்லயே."

இவ்வளவும் எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறேன், காதால் கேட்டிருக்கிறேன். தெரிந்திருந்தும் நான் செய்ததை இனிச் சொல்ல வேண்டும்.

ரீச்சர் குழாய் மணல் எடுக்கிற அந்தக் கரையில் மணல் அள்ள ஒரு கம்பனி வந்தது. மணலுக்குள் கறுப்பாக மினுங்குகிற கனியம் இருக்கிறதாம், வெளிநாட்டில் நல்ல மதிப்பாம். அனுமதி கிடைத்தால் அலைவாயிலிருந்து ஊர் விளிம்பு வரை கிண்டி, கனியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பக் கொட்டுவார்களாம். அவர்களுடைய மணல் பைகள் பரிசோதனைக்கு எங்களிடம் வந்தன. பத்துப் பதினைந்து இல்லை, அறைக்குள் கால் வைக்க இடமில்லாத அளவு. "கெதியா முடிச்சுக் குடு" என்றார் முதலாளி. நான் எல்லாவற்றையும் போறணையில் வைத்தேன். நூற்றைந்து பாகை, ஒரு முழு நாள். குலுக்கினேன், நிறுத்தேன், எழுதினேன். எங்கள் தாளின் கடைசியில் "வேறு பொருட்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். வேர், கரித்துண்டு, சிப்பி ஏதாவது இருந்தால் எழுதுவது. இல்லாவிட்டால் "ஒன்றுமில்லை". இருபது வருடப் பழக்கம். பை பையாக "ஒன்றுமில்லை", "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு தரமாவது கை நின்றதா என்றால், இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் ரீச்சர் வந்தார். கையில் கம்பனியின் அறிக்கை. நடுப்பக்கத்தில் ஒரு வரிக்குப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். கரை மணலில் உயிரினங்கள் எவையும் காணப்படவில்லை, பின்னிணைப்பைப் பார்க்கவும். பின்னிணைப்பைத் திருப்பினார். என்னுடைய தாள்கள், என்னுடைய கையெழுத்து.

அவர் சத்தம் போடவில்லை. "பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிழை விட்டவனுக்குத்தான் முதலில் கோபம் வரும். "என்ர வேலை மணலை நிறுக்கிறது, ரீச்சர். பூச்சி எண்ணுறதுக்கு எனக்குச் சம்பளம் தரேல்லை" என்றேன். அவர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தார். மேசையில் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை ஒரு தரம் பார்த்தார். போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. ஐஸ்கிறீம் டப்பா ஒன்று என் அலுமாரியில் கிடந்தது. அதைத் திறக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. வீட்டில் மனிசியோடு காரணமில்லாமல் கொளுவினேன். "உங்களுக்கு ரீச்சரோட கோபமோ, உங்களோட கோபமோ?" என்று அவள் கேட்டாள். அதற்கும் ஏசினேன்.

அந்தக் கரைவலை ஊரின் கோயில் மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். நான் போவதாக இருக்கவில்லை. ஆனால் கால் தானாகப் போய்விட்டது. பின்வாசலில் தூணோடு ஒட்டி நின்றேன். முன்னால் கூட்டத்தை நடத்துகிற அதிகாரி. பக்கத்தில் நீலச் சேட் போட்ட கம்பனிக்காரத் தம்பி ஒருவர், கணினியோடு. கதிரைகள் நிறையச் சனம். சம்மாட்டி முன்வரிசையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தார். "மண் எடுத்தா வலை எங்க வளைக்கிறது?" என்று ஒருவர் கேட்டால், "அது தற்காலிகம்தான் ஐயா" என்று தம்பி சொன்னார். மரியாதைக்குக் குறைவில்லை. பிறகு திரையில் என் தாள் விழுந்தது, சுவர் அகலத்துக்கு. "ஒன்றுமில்லை" என்ற என் எழுத்து ஓராள் உயரம் இருந்தது.

ரீச்சர் பேசினோடும் வாளியோடும் எழும்பினார். "நேரம் காணாது ரீச்சர், சுருக்கமாச் சொல்லுங்கோ" என்றார் அதிகாரி.

"இந்தத் தாளில பிழையில்ல, சேர். காய்ஞ்ச மணலில ஒண்டும் இருக்காதுதான். அந்த மணல் எப்ப காய்ஞ்சதுண்டு கேளுங்க."

"அது ஆய்வுகூடத்தைக் கேக்க வேண்டிய கேள்வி, மிஸ்" என்றார் தம்பி. "அவங்கட ஆக்கள் இங்க ஒருத்தருமில்லை."

ரீச்சர் திரும்பவில்லை. நான் வாசலில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். வரும்போது என்னைத் தாண்டித்தான் வந்தார். அந்தா நிற்கிறார், அவரைக் கேளுங்கள் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தம்பியின் முகத்தை நேரே பார்த்து, பிளாஸ்கைக் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"பாத்தீங்களா?"

தூணை விட்டு முன்னால் வந்தேன். "நான் இருக்கிறன்" என்றேன். எல்லாத் தலையும் திரும்பியது. "அது என்ர கையெழுத்து. நான்தான் எழுதினனான். எழுத முன்னம் அந்த மணலை நூற்றைந்து பாகையில ஒரு முழு நாள் போறணைக்குள்ள வைச்சனான். அப்பிடித்தான் வைக்கிறது. தம்பி, கோபிக்காதேங்கோ. உங்களை ஒரு நாள் அதுக்குள்ள வைச்சு எடுத்திருந்தாலும் அந்தக் கட்டத்தில நான் 'ஒன்றுமில்லை' எண்டுதான் எழுதியிருப்பன்."

முதலில் சம்மாட்டிதான் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அதிகாரி மேசையில் தட்டினார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் ரீச்சர் பொறுத்திருக்கவில்லை. அவர் பேசினைச் சுழற்றத் தொடங்கியிருந்தார். அன்று காலையில் எடுத்த மணல். ஐந்து தரம் வடித்தார். பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டியை அதிகாரியின் மேசையில் வைத்தார். அதிகாரி குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரமானது. பின்னால் ஒரு கிழவி, "அங்கால தள்ளு ராசா, நாங்களும் பாப்பம்" என்று அதிகாரியின் முதுகில் தட்டினார். மாலை ஆறு மணி வரைக்கும் சனம் வரிசையில் நின்று பார்த்தது. தம்பியும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கணினியை மூடினார்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். கரையைத் திரும்ப ஆராய வேண்டும் என்று அதிகாரி எழுதினார். கோப்பு இன்னும் எங்கேயோ சுற்றுகிறது. இன்றைக்கு வரைக்கும் அந்தக் கரையில் மெசின் இறங்கவில்லை. நாளைக்கு இறங்கினால் சனம் அங்கே நிற்கும், நானும் நிற்பேன். திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். இப்போது சீமெந்துக்கல் வார்க்கிற பட்டறையில் நிற்கிறேன். முதுகு நோகிறது, வேறொரு குறையுமில்லை. அடுத்த தையில் ரீச்சருக்கு மலைநாட்டுக்கு மாற்றம் வந்தது. கடலும் இல்லாத, கரையும் இல்லாத ஊர். ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், "கடிதத்துல இல்ல" என்பார். போய் ஒரு மாதத்தில் போனில் குரல் பதிந்து அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியில் பாசியைச் சுரண்டிப் பார்த்தாராம். "மணியைக் கட்டிப்பிடிச்ச அந்த எட்டுக்காலர் இங்கயும் இருக்கிறார், அண்ணன். என்னைத் தனிய அனுப்பினமெண்டு நெனச்சிட்டாங்க." அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. அவர் இல்லாத மன்னார் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் ஞாபகம் வருவது அந்தக் கூட்டத்தின் கடைசிக் கால்மணித்தியாலம்தான். சனம் கலைந்த பிறகு அதிகாரி என் தாளின் பிரதியை மேசையில் வைத்தார். "இதைத் திருத்திறதெண்டா கையெழுத்துப் போட்டவர்தான் திருத்த வேணும்" என்றார். பேனை வாங்கினேன். "ஒன்றுமில்லை" என்பதை ஒரு கோட்டால் வெட்டினேன். அந்தக் கட்டம் சின்னது, எழுத்தை ஒடுக்கி எழுத வேண்டியிருந்தது. உயிர் இருந்தது. போறணையில் வைத்துக் கொன்றது நான்.

ரீச்சர் தாளை எடுத்து, நுணுக்குக்காட்டி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். கண் கலங்குவார், ஒரு நல்ல சொல் சொல்லுவார், குறைந்தது இனி வரச் சொல்லுவார் என்று நான் நின்றேன்.

"எத்தின பாகைண்டு போடல்லயே, அண்ணன்" என்று தாளைத் திருப்பித் தந்தார்.

நூற்றைந்து, முழு நாள் என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.